ஜாதிக்காய்த் தைலம்: பாலிக் புலாவ் மலைச்சரிவு சொல்லும் வரலாறு

நம் வீடுகளில் சாமிப் படத்துக்குப் பக்கத்திலோ அலமாரியின் மேல்தட்டிலோ ஒரு சிறு தைலப் புட்டி இருக்கும். வேலை முடிந்து வந்தவருக்கு இடுப்பு வலி என்றால் அந்தப் புட்டி இறங்கும். பிள்ளைக்கு வயிறு உப்பினால் இறங்கும். பாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் இறங்கும். மூடியைத் திறந்ததும் வீடு முழுவதும் ஒரு வாசனை பரவும். அந்த வாசனையே பாதி வலியைப் போக்கிவிட்டது போல் இருக்கும்.

இன்று பெரிய நகரங்களில் இதற்கு ஒரு புதிய பெயர் வைத்திருக்கிறார்கள். 'அரோமாதெரப்பி' என்கிறார்கள். தமிழில் நறுமண மருத்துவம் எனலாம். பூ, இலை, பட்டை, கொட்டை ஆகியவற்றிலிருந்து வடித்தெடுத்த வாசனை எண்ணெயை உடம்பில் தேய்த்துப் பிடித்துவிடுவதும், முகரச் செய்வதும் அதன் முறைகள். பெயர்தான் புதியது; பொருள் பழையது. அந்தப் பழைய பொருளின் கதையைச் சொல்வதற்குப் பினாங்குத் தீவில் உள்ள பாலிக் புலாவைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

தீவின் மறுபக்கம்

மலாய் மொழியில் 'பாலிக்' என்றால் மறுபுறம். 'புலாவ்' என்றால் தீவு. ஜார்ஜ் டவுன் நகரம் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. நடுவே மலைத்தொடர். அந்த மலைக்கு அப்பால், தென்மேற்கில் இருப்பது பாலிக் புலாவ். ஆயர் ஈத்தாமிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும் சாலை ஒன்று. வடக்கே தெலுக் பாஹாங்கிலிருந்து வரும் மலைச்சாலை மற்றொன்று. சாலையோரக் கடைகளில் டுரியான் குவிந்திருக்கும். அதன் பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில், சிறிய கொய்யாப்பழம் போன்ற ஒரு காயும் இருக்கும். அதுதான் ஜாதிக்காய்ப் பழம். மலாய்க்காரர்கள் 'பூவா பாலா' என்பார்கள்.

இந்தப் பழத்தில் வீணாகும் பகுதி கிடையாது. மேலே உள்ள கனத்த சதையைச் சர்க்கரையில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள்; பிழிந்து பானமும் செய்வார்கள். உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை போல ஒட்டியிருப்பது ஜாதிபத்திரி. அதற்கும் உள்ளே ஓட்டுக்குள் இருப்பதே நாம் பிரியாணிக்கும் மருந்துக்கும் வாங்கும் ஜாதிக்காய். அதிலிருந்து வடிப்பதே ஜாதிக்காய்த் தைலம். பினாங்குக்கு வந்துபோகும் உறவினர் பலர் ஊருக்குக் கொண்டுபோகும் பொருள்களில் அதுவும் ஒன்று.

ஆனால் ஜாதிக்காய் மரம் பினாங்கு மண்ணில் தானாக முளைத்ததன்று. அது வந்த வழியில் கப்பல் உண்டு, பீரங்கி உண்டு, இரத்தமும் உண்டு.

கடல் கடந்த வாசனை

ஒரு காலத்தில் ஜாதிக்காய் விளைந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, மொலுக்கஸ் தீவுக் கூட்டத்தில் பாண்டா என்னும் சில சின்னஞ்சிறு தீவுகள் இருக்கின்றன. எரிமலையைச் சுற்றிக் கடலில் சிதறிக் கிடக்கும் மண்திட்டுகள் அவை. உலகமெங்கும் போன ஜாதிக்காய் முழுவதும் அங்கிருந்துதான் போயிற்று. கிராம்பும் அதற்கு வடக்கே உள்ள சில தீவுகளில் மட்டுமே விளைந்தது.

ஆயினும் நம் முன்னோருக்கு இந்த வாசனை புதியதன்று. தமிழில் 'பஞ்சவாசம்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. வெற்றிலையோடு சேர்க்கும் ஐந்து நறுமணப் பொருள்கள் அவை. இலவங்கமும் கர்ப்பூரமும் ஜாதிக்காயும் அந்த ஐந்தில் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் விளையாத பொருள் தமிழர் தாம்பூலத்தில் எப்படி இடம் பிடித்தது? கடல் வணிகத்தால்தான். பினாங்குக்கு நேர் வடக்கே, பெருநிலத்தில் இருக்கும் கெடா மாநிலமே பழைய கடாரம். கிழக்குத் தீவுகளின் சரக்கும் சோழமண்டலக் கரையின் சரக்கும் கைமாறிய துறைகளுள் கடாரமும் ஒன்று. பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' என்ற இடத்துக்குக் கடாரம் என்றே உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கி.பி. 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்ததும் இந்தக் கடல் வழியைத் தேடித்தான். ஆகவே நாம் வாழும் இந்த மண்ணுக்கும் அந்த வாசனைக்கும் ஆயிரம் ஆண்டுத் தொடர்பு இருக்கிறது.

ஒரு கொட்டைக்காக அழிந்த தீவு

ஐரோப்பாவில் ஜாதிக்காய்க்கு இருந்த விலையை இன்று நம்புவது கடினம். உணவுக்கு மணமூட்டவும் மருந்துக்கும் அதை விரும்பினார்கள். கொள்ளைநோய்க்குக்கூட அது மருந்து என்று நம்பினார்கள். அதனால் அந்த மரம் நிற்கும் மண்ணையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற பேராசை பிறந்தது.

1621ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு பாண்டாவில் இறங்கினார். தங்கள் விருப்பப்படி யாருக்கும் விற்போம் என்று நின்ற தீவு மக்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியால் மாண்டார்கள், அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் அந்தத் தீவுகளில் எஞ்சியவர் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான்.

பிறகு அந்த மண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்து டச்சுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வேலை செய்ய வேறு இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். ஒரே பயிர், ஒரே முதலாளி, வெளியூரிலிருந்து இறக்கிய ஆட்கள் என்னும் முறை இந்த வட்டாரத்தில் அப்போதே வேர் விட்டது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் தாத்தா காலத்து ரப்பர்த் தோட்டத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜாதிக்காய்த் தோட்டம் ஒன்று இப்படி இருந்தது.

பாண்டாவுக்கு வெளியே வேறு எங்கும் இந்த மரம் முளைத்துவிடக் கூடாது என்பதற்காக டச்சுக்காரர்கள் ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்தே விற்றார்கள். பாண்டாவின் தீவுகளில் ஒன்றான ரன் என்ற சிறு தீவின் மேல் ஆங்கிலேயருக்கு உரிமை இருந்தது. 1667இல் பிரேடா உடன்படிக்கையில் அந்த உரிமையை அவர்கள் விட்டார்கள்; டச்சுக்காரர்கள் வட அமெரிக்காவில் மன்ஹாட்டன் தீவின் மேல் இருந்த உரிமையை விட்டார்கள். இன்று நியூயார்க் நகரின் நடுநாயகமாக வானளாவிய கட்டடங்கள் நிற்கும் இடம் அதுதான்.

எவ்வளவு பூட்டி வைத்தாலும் விதை வெளியேறியே தீரும். 1770இல் பிரெஞ்சுக்காரரான பியேர் புவாவ்ரின் முயற்சியால் ஜாதிக்காய்க் கன்றுகள் மொரீஷியஸ் தீவுக்குக் கடத்தப்பட்டன. டச்சுக்காரர்களின் பூட்டு அன்றே உடைந்தது.

பினாங்குக்கு வந்த கன்றுகள்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். துறைமுகம் வளர்ந்தது, ஆட்கள் வந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்களில் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வந்து, வாணிகமும் பலவகைக் கூலி வேலையும் செய்து, சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று 1794இல் லைட் எழுதினார். ரப்பர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் கை இந்தத் தீவில் உழைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று.

1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து அம்போன், பாண்டா தீவுகளைக் கைப்பற்றினார்கள். கம்பெனியின் தாவர அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்மித் அங்கே அனுப்பப்பட்டார். ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை அவர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றினார். ஆயர் ஈத்தாமில் கம்பெனி ஒரு தோட்டம் போட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் அரசாங்கத்துக்கு அந்தத் தோட்டத்தில் அக்கறை குறைந்தது, அது விற்கப்பட்டது. ஆனால் கன்றுகள் தனியார் கைகளுக்குப் போய்த் தீவெங்கும் பரவின. ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் பிரவுன் குளுகோர் பகுதியில் பெரிய தோட்டம் அமைத்தார். அவர் 1825இல் இறந்த பின்னும் பினாங்கின் வாசனைத் தோட்டங்கள் பெருகிக்கொண்டே போயின.

ஜாதிக்காய்ப் பயிர் பொறுமைசாலிக்கே உரியது. நட்ட கன்று பூப்பதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகுதான் அது ஆண் மரமா பெண் மரமா என்றே தெரியும். காய்ப்பது பெண் மரம். ஆண் மரம் மகரந்தத்துக்குச் சில போதும். மற்றவற்றை வெட்டிவிட்டு மறுபடி நட வேண்டும். முழுப் பலன் கிடைக்க இருபது ஆண்டு செல்லும். அதுவரை எரு போட வேண்டும். களை எடுக்க வேண்டும். நிழல் காக்க வேண்டும். கடனை வாங்கிப் பெருந்தோட்டம் போட்டவர்களுக்கு இது சூதாட்டம் போன்றது.

அந்தச் சூதாட்டம் 1850களின் இறுதியிலும் 1860களிலும் தோற்றது. ஒரு நோய் வந்தது. மரங்கள் நுனியிலிருந்து கருகின. சிங்கப்பூரில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அடியோடு அழிந்தன. பினாங்கிலும் பெருந்தோட்டங்கள் சாய்ந்தன. முதலாளிகள் வேறு பயிரை நாடினார்கள். பின்னர் ரப்பர் வந்தது. பால்மரம் வெட்ட நம் மக்கள் தென்னாட்டிலிருந்து பெருந்தொகையாக வந்தார்கள். அதற்குப் பின் செம்பனை வந்தது. அந்தக் கதையை நாம் நன்கறிவோம்.

ஆனால் பாலிக் புலாவ் மலைச்சரிவில் ஜாதிக்காய் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சிறு விவசாயிகள் டுரியான், மங்குஸ்தீன், கிராம்பு ஆகிய மரங்களின் நடுவே ஜாதிக்காய் மரங்களையும் வைத்துக் காத்தார்கள். ஒரு மரம் பொய்த்தாலும் இன்னொரு மரம் சோறு போடும். கம்பெனிகளின் பெருந்தோட்டங்கள் பெயரளவில் நிற்க, ஏழை விவசாயியின் கலப்புத் தோட்டம் இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

தைலம் எப்படி இறங்குகிறது?

வாசனையை எண்ணெயாக்கும் கலை நமக்குத் தெரியாததன்று. குழந்தைக்கு வயிற்று வலி என்றால் ஓமத்தீநீர் வாங்குகிறோம் அல்லவா? அது வடிக்கும் முறையால் ஆனது. சித்த வைத்தியர்கள் அதற்குரிய பாத்திரத்தை 'வாலை' என்பார்கள். அரேபிய, பாரசீக அறிஞர்கள் இதே கலையால் ரோஜாப் பூவிலிருந்து பன்னீர் வடித்தார்கள்.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் கொதிக்கிறது. மேலே இடித்த ஜாதிக்காய் இருக்கிறது. ஆவி அதன் ஊடே போகும்போது அதிலுள்ள வாசனை எண்ணெயையும் தன்னோடு தூக்கிக்கொண்டு போகும். அந்த ஆவியைக் குளிர்ந்த குழாய் வழியே விட்டால் மறுபடி நீராகும். நீரும் எண்ணெயும் சேரா. ஆகவே எண்ணெய் மேலே மிதக்கும். அதைப் பிரித்தெடுத்தால் தைலம். நூறு கிலோ ஜாதிக்காயில் 5 முதல் 15 கிலோ வரை வாசனை எண்ணெய் இறங்கும். ஜாதிக்காயை அழுத்திப் பிழிந்தால் வெண்ணெய் போன்ற வேறொரு கொழுப்பும் கிடைக்கும். அது கனமானது, ஆவியாகாது.

இந்த முறையில்தான் மற்ற வாசனை எண்ணெய்களும் வந்தன. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி 'யூஜினால்' என்னும் பொருள். பல் மருத்துவர் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார். மலாய்க்காரர்கள் 'செராய் வாங்கி' என்னும் வாசனைப் புல்லிலிருந்து கொசுவை விரட்டும் எண்ணெய் வருகிறது. இலங்கையின் தென்பகுதி 19ஆம் நூற்றாண்டில் அதை ஏராளமாக ஏற்றுமதி செய்தது. 'காயு பூத்தே' என்றால் வெள்ளை மரம். அதன் இலையிலிருந்து வருவது காயாப்புத் தைலம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் நீலகிரிக்கு வந்த யூக்கலிப்டஸ் மரம் நமக்கு நீலகிரித் தைலத்தைத் தந்தது.

இவற்றையெல்லாம் கலந்து புட்டியில் அடைத்து விற்கும் காலமும் வந்தது. 1893இல் நாகேசுவர ராவ் பந்துலு பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார்; 1936இல் அது சென்னைக்கு வந்தது. ரங்கூனில் மருந்துக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்தின் புலித் தைலம் 1926இல் சிங்கப்பூருக்கு வந்தது. கோடாலித் தைலத்தைச் செய்யும் நிறுவனம் சிங்கப்பூரில் 1928இல் தொடங்கியது. தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவர் வீட்டிலும் ஒரே வாசனை வீசத் தொடங்கியது இப்படித்தான்.

கை செய்யும் வேலை

எண்ணெய் பாதி; கை பாதி. சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடும் முறைக்குத் 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மலாய்க்காரர்களின் 'ஊருட்' முறையும் அதைப் போன்றதே. பிள்ளை பெற்ற தாய்க்கு நம் மருத்துவச்சியும் அவர்களுடைய பீடானும் செய்த பணிவிடையில் இந்தக் கைத்திறனும் அடங்கும்.

மேல்நாட்டில் இதற்குப் புதிய பெயர் வைத்தவர் ரெனே மொரீஸ் கட்டபோசே என்ற பிரெஞ்சு வேதியியலார். 1910இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் நடந்த விபத்தில் அவருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. லாவெண்டர் எண்ணெய் தம் புண்ணுக்கு உதவியதாக அவர் எழுதினார். 1937இல் 'அரோமாதெரப்பி' என்ற சொல்லையே தலைப்பாக வைத்து நூல் வெளியிட்டார். பின்னர் மார்கரீத் மோரி என்ற பெண்மணி வாசனை எண்ணெயைச் சாதாரண எண்ணெயில் கலந்து உடம்பில் தேய்த்துப் பிடித்துவிடும் முறையைப் பரப்பினார். நல்லெண்ணெயில் மூலிகையைக் காய்ச்சித் தேய்த்த நம் பாட்டிமார்களுக்கு இது கேட்ட கதை போலத் தோன்றினால் வியப்பில்லை.

இதனால் உண்மையில் நன்மை உண்டா? உண்டு, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தை விழுந்தால் தாய் என்ன செய்கிறாள்? அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிடுகிறாள். அழுகை நிற்கிறது. 1965இல் மெல்சாக், வால் என்னும் இரண்டு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் கூறினார்கள். தொடுதலைச் சொல்லும் நரம்புகள் வேலை செய்யும்போது, முதுகுத்தண்டில் உள்ள ஒரு வாசல் வலியின் செய்திக்கு ஓரளவு மூடிக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. தைலத்தில் உள்ள பச்சைக் கர்ப்பூரமும் புதினா உப்பும் தோலில் சூட்டையும் குளிர்ச்சியையும் உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் வலியின் மேல் கவனம் குறைகிறது. பிடித்துவிடுவதால் இறுகிய தசை தளர்கிறது. பிடித்த வாசனையை முகர்ந்தால் பதற்றம் சிறிது அடங்குகிறது. சிலருக்குத் தூக்கமும் வருகிறது. இந்த நன்மைகள் சில மணி நேரமோ சில நாளோ நிற்பவை. புற்றுநோயையோ நீரிழிவையோ இரத்தக் கொதிப்பையோ எந்த வாசனையும் தீர்க்காது. தீர்க்கும் என்று விற்பவரின் பேச்சை நம்ப வேண்டாம்.

நம் அரசாங்கமும் இந்தக் கைத்திறனை ஒதுக்கிவிடவில்லை. 2007இல் பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியில் உள்ள கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. நாட்டில் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் அத்தகைய பிரிவு அமைந்தது அதுவே முதல்முறை. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்திய சீரமைப்புக்கும் அங்கே மரபுவழிப் பிடித்துவிடும் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2016இல் பாரம்பரிய மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் சட்டமும் நிறைவேறியது. இந்திய மருத்துவமும் அதில் இடம்பெற்ற துறைகளுள் ஒன்று.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. வாசனை எண்ணெய் என்பது பல கிலோ இலையையும் கொட்டையையும் ஒரு புட்டியில் அடைத்த சாறு. ஆகவே அதன் வேகமும் பல மடங்கு.

வடித்த தைலத்தை நேராகத் தோலில் பூசக் கூடாது. 30 மில்லி தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ சுமார் 12 சொட்டுக் கலந்தால் பெரியவர்களுக்குப் போதும். புண், கண், உதடு ஆகிய இடங்களில் படக் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் கர்ப்பூரம், புதினா உப்பு, யூக்கலிப்டஸ் சேர்ந்த தைலத்தைத் தடவுவது நம்மிடையே உள்ள பழக்கம். சளி கரையும் என்று அன்போடு செய்கிறோம். ஆனால் சிறு குழந்தைக்கு அது மூச்சுத் தடுமாற்றத்தை உண்டாக்கலாம். கர்ப்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். இதனால்தான் 1980களில் அமெரிக்க அரசு, தைலங்களில் கர்ப்பூரம் 11 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தது. மூட்டு வலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவு குழந்தையின் வயிற்றில் போனால், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கியதற்குச் சமம். அது உயிருக்கே ஆபத்து. புட்டி குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பிள்ளை தூங்குவதற்காக ஜாதிக்காயை உரைகல்லில் இழைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்பு, மாசிக்காயோடு சேர்த்து உரைமருந்தாகவும் கொடுப்பார்கள். ஜாதிக்காயில் 'மிரிஸ்டிசின்' என்ற பொருள் இருக்கிறது. கறியில் போடும் சிட்டிகை அளவு தீங்கு செய்யாது. ஒன்றிரண்டு கொட்டையைத் தின்றால் பெரியவருக்கே வாந்தியும் படபடப்பும் மயக்கமும் பிதற்றலும் வரும். அப்படியிருக்க, சின்னஞ்சிறு குழந்தைக்கு எவ்வளவு தாங்கும் என்று எந்த உரைகல்லும் சொல்லாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாட்டியின் அன்பை ஏற்றுக்கொள்வோம், உரைமருந்தை விட்டுவிடுவோம்.

தவறிப் பிள்ளை தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த நஞ்சுக்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டத் தேசிய நச்சு மையம் என்ற அமைப்பு நம் நாட்டில் உண்டு. 1994இல் தொடங்கிய அந்த மையம் இருப்பது பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான். டேவிட் பிரவுன் ஜாதிக்காய்த் தோட்டம் போட்ட அதே குளுகோர் வட்டாரம் அது.

உழைக்கும் உடம்புக்கு

நேயர்களே, 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது நம் பழமொழி. நல்ல எண்ணெயும் நல்ல உணவும் இருந்தால் நோய் குறையும் என்பது அதன் பொருள். வந்த நோயை மறைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகாதே என்று அது சொல்லவில்லை.

விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள் நம் பெற்றோர். செம்பனைக் குலையை வெட்டித் தோளில் தூக்கியவர்கள் நம் அண்ணன் தம்பிகள். முதுகு பிடித்துக்கொண்டால் இரவு தைலம் தேய்ப்பதும், காலையில் மறுபடி வேலைக்குப் போவதும் நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. தைலம் வலியை ஓரளவு அடக்கும். ஆனால் தூக்கிய பாரத்தை அது இறக்கி வைக்காது. தேய்த்தும் இரண்டு வாரத்துக்கு மேல் வலி நின்றால், கால் மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், வலியோடு காய்ச்சல் வந்தால் அது தைலத்துக்கு அடங்காத நோய். கிளினிக்குக்குப் போக வேண்டும். மருத்துவர் கொடுக்கும் ஓய்வை எடுக்க வேண்டும். வேலையில் பட்ட காயமென்றால் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட சொக்சோ பாதுகாப்பு இருக்கிறது. அது யாரும் இடும் பிச்சையன்று. நம் உழைப்புக்கு உரிய உரிமை.

ஒரு கொட்டையின் வாசனைக்காக வல்லரசுகள் தீவுகளை அழித்தன; கடல்களைப் பூட்டின; மனிதர்களை விலைக்கு வாங்கின. அந்த வாசனை இன்று சில வெள்ளிக்குப் பாலிக் புலாவ் சாலையோரத்தில் கிடைக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவருவோம். மாலையில் களைத்து வந்தவரின் தோளில், அளவோடு கலந்து, அன்போடு தேய்த்துவிடுவோம். அந்தக் கையின் இதமே எல்லாத் தைலத்திலும் பெரிய தைலம். அதற்கு மேல் தேவைப்படும்போது மருத்துவரின் வாசலுக்குப் போகத் தயங்காதிருப்போம்.